இரண்டரைப் பென்ஸுக்காகப் பத்து வாரம்: கூலிக்கு உழைக்கும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுத் திண்ணையிலும் கடைத் தளத்திலும் ஆலைக்குள்ளும் கூலிக்கு உழைக்கும் பெண்களுக்கும், அவர்களிடையே சங்கம் கட்ட முயல்கிறவர்களுக்கும்,

உழைக்கும் பெண்களுக்குச் சங்கம் கட்டிய மேரி மெக்ஆர்தர் 1880 ஆகஸ்ட் 13 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஜான் டங்கன் மெக்ஆர்தர் துணி வியாபாரி. அரசியலில் பழமைவாதக் கட்சியின் பக்கம் நின்றவர். மகளுக்குப் பள்ளி நாளிலேயே எழுத்தில் நாட்டம். பள்ளிப் பத்திரிகையை நடத்தினார், எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பினார். 1895இல் குடும்பம் கடலோர ஊரான அயருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பாவின் துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை அவருக்கு வாய்த்தது. சங்கம், வேலைநிறுத்தம் போன்ற சொற்கள் அந்த வீட்டில் நல்ல சொற்களாக இருந்திருக்க முடியாது.

1901இல் கடைச் சிப்பந்திகள் சங்கத்தின் கூட்டம் ஒன்று அயரில் நடந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கு அதைப் பற்றிக் காட்டமாக ஒரு குறிப்பு எழுதும் எண்ணத்தோடுதான் மேரி போனார். பேசியவர் சங்கத்தின் அமைப்பாளர் ஜான் டர்னர். அன்றைய பிரிட்டனில் கடைச் சிப்பந்திகள் பலர் முதலாளி ஒதுக்கிய விடுதியறையில்தான் தங்க வேண்டும். போடும் சாப்பாடும் படுக்கையும் சம்பளத்தின் பகுதியாகக் கணக்கிடப்படும். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி வேலை. சின்னத் தவறுக்கும் அபராதம். டர்னர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொன்னது எதுவும் கட்டுக்கதை இல்லை என்பது கடைக்குள்ளேயே வளர்ந்த மேரிக்குத் தெரியும். குறிப்பெழுதப் போனவர் சங்கத்தில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அயர் கிளையை நடத்துகிறவரும் ஆனார். (துணிக்கடை முதலாளியின் மகள் துணிக்கடைச் சிப்பந்திகளுக்காக மேடையேறினால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.) சங்க மாநாட்டில் அறிமுகமான மார்கரெட் பாண்ட்ஃபீல்ட், கடைசிவரை அவருக்கு நெருங்கிய தோழியாக இருந்தார். பிரிட்டிஷ் அமைச்சரவையில் 1929இல் இடம்பெற்ற முதல் பெண் இந்த பாண்ட்ஃபீல்ட்தான்.

1903இல் மேரி லண்டனுக்குப் போய், பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1874இல் எம்மா பேட்டர்சன் தொடங்கிய அமைப்பு அது. முப்பது ஆண்டுகளாக நல்லெண்ணம் நிறைய இருந்தது, பலம் மட்டும் சேரவில்லை. ஓர் ஊரில் தையல்காரிகள் சங்கம், இன்னோர் ஊரில் புத்தகம் கட்டும் பெண்கள் சங்கம் என்று சிறு சங்கங்கள் முளைக்கும். ஒரு தகராறு வந்தால் கரைந்துபோகும். ஆண்களின் சங்கங்களில் பல, பெண்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. பெண் குறைந்த கூலிக்கு வருவதால் தங்கள் கூலி விழுகிறது என்பது அவர்கள் புகார். சங்கமில்லாததால் கூலி குறைவு, கூலி குறைவானதால் சந்தா கட்டிச் சங்கம் நடத்த முடிவதில்லை என்ற இந்தச் சுழலைத்தான் மேரி முதலில் அடையாளம் கண்டார். கூலி குறைவுக்குப் பெண்ணின் இயல்பைக் காரணம் காட்டிய காலத்தில், அதை ஒரு நிர்வாகப் பிரச்சினையாகப் பார்த்தது அவருடைய தனித்தன்மை.

அவர் கண்ட வழி 1906இல் பிறந்த பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பு. எந்தத் தொழிலானாலும் சரி, தன் தொழிலின் சங்கம் சேர்த்துக்கொள்ளாத எந்தப் பெண்ணும், சங்கமே இல்லாத தொழிலில் இருக்கும் எந்தப் பெண்ணும் இதில் சேரலாம். ஒரு கிளையில் தகராறு வந்தால் மற்றக் கிளைகளின் பணம் உதவும். தேசிய அளவிலான ஒரே சங்கம் என்பதால், தொழிற்சங்கங்களின் பொதுச் சம்மேளனத்தில் இணைந்து அதன் வேலைநிறுத்த நிதியிலும் பங்கு கேட்கலாம். முதல் ஆண்டிலேயே இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலுமாக 17 கிளைகள், சுமார் 2,000 உறுப்பினர்கள். அதே 1906இல் ஸ்காட்லாந்தின் சணல் நகரமான டண்டியில் ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மேரி அங்கே போய், அவர்களுக்கான சங்கம் உருவாகக் கைகொடுத்தார். 1907 செப்டம்பரில் 'தி உமன் வொர்க்கர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். பள்ளிக்கால எழுத்தாசை இந்த வழியில் நிறைவேறியது. அடுத்த ஆண்டே அது வார இதழானது.

கூட்டமைப்புக்கும் எட்டாத ஓரிடம் இருந்தது, வீடு. வீட்டிலேயே உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தீப்பெட்டி ஒட்டுகிறவர், குழந்தைச் சட்டை தைக்கிறவர், லேஸ் சீர்செய்கிறவர் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. பக்கத்துத் தெருக்காரி என்ன கூலி வாங்குகிறார் என்பதுகூடத் தெரியாது. தீப்பெட்டிக்கான கூலி 144 பெட்டிக்கு இரண்டு பென்ஸ் சொச்சம். பசையும் நூலும் பெண்ணின் செலவு. 1906 மே மாதம் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஒரு பொருட்காட்சி நடத்தியது. காட்சிக்கு வைக்கப்பட்டது பொருள் மட்டுமல்ல, அதைச் செய்யும் பெண்களும்தான். பார்வையாளர் கண்ணெதிரிலேயே வேலை நடந்தது, பக்கத்தில் கூலி விவரம் இருந்தது. உழைக்கும் பெண்ணை மிருகக்காட்சிச் சாலை விலங்கைப் போலக் காட்டுவதா என்று இன்று கூசத் தோன்றும். ஆனால் பணக்கார லண்டன் தன் உடம்பிலிருக்கும் சட்டையின் விலையை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தது. அந்தச் சூட்டில் உருவான அடிமாட்டுக் கூலி எதிர்ப்புக் கழகத்தில் மேரி முன்வரிசையில் இருந்தார். வீட்டிலிருந்தே செய்யும் கூலிவேலை நடக்கும் இடங்களை நேரில் பார்க்கப் போய், தொண்டை அடைப்பான் நோய் தொற்றிப் பல வாரம் படுக்கையில் கிடந்தார். பிறகு 1908இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார்.

1909இல் வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்தபோது தொழில் வாரியச் சட்டம் நிறைவேறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1896 முதல் இருந்த கூலி வாரியங்கள்தான் மாதிரி. குறிப்பிட்ட தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம். அதில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், கூடவே அரசு நியமிக்கும் சிலர். அவர்கள் அந்தத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பார்கள். முதலில் பட்டியலில் ஏறியவை நான்கே தொழில்கள்: ஆயத்த ஆடைத் தையல், காகிதப் பெட்டி, இயந்திர லேஸைச் சீர்செய்தல், சங்கிலி. சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. வாரியம் கூலியை அறிவித்த பிறகு ஆறு மாதம் வரை, தொழிலாளி சம்மதித்து எழுதிக் கொடுத்தால் முதலாளி அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். முதலாளிகள் தயாராக அவகாசம் தருவதற்கான பிரிவு அது. எழுத்து வாசனை இல்லாத தொழிலாளியிடம் அந்தப் பிரிவு எப்படிப் போய்ச் சேரும் என்பதை வரைந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அது போய்ச் சேர்ந்த ஊர் கிராட்லி ஹீத். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நிலக்கரிப் புகையால் கருநாடு என்று பெயர் பெற்ற வட்டாரத்தில் இருக்கிறது. கப்பலுக்கான கனமான சங்கிலிகளைப் பெரிய பட்டறைகளில் ஆண்கள் செய்தார்கள். டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரமே பக்கத்து ஊரான நெதர்டனில் உருவானதுதான். இந்த ஆண்களுக்குச் சங்கமும் ஓரளவு நல்ல கூலியும் இருந்தன. ஏருக்கும் மாட்டுக்கும் நாய்க்குமான சிறிய சங்கிலிகள் பெண்களின் வேலை. வீட்டின் பின்கட்டில் ஒரு கொட்டகை, அதில் ஓர் உலை. கம்பியின் முனையைக் காய்ச்சி, வளைத்து, துண்டாக வெட்டி, முந்திய கண்ணியில் கோத்து, இரு முனைகளும் ஒட்டுமாறு சுத்தியலால் அடிக்க வேண்டும். இது ஒரு கண்ணி. நாள் முழுக்க இப்படியே. கைக்குழந்தை பக்கத்திலேயே கூடையிலோ பெட்டியிலோ கிடக்கும், தீப்பொறி அதுவரை தெறிக்கும். கம்பியைக் கொடுத்துச் சங்கிலியை எடை போட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் இடைத்தரகர். கரியின் விலை, உலையின் வாடகை எல்லாம் பெண்ணின் தலையில். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் அடித்தால் கையில் நிற்பது 5 அல்லது 6 ஷில்லிங்.

சங்கிலி வாரியம் 1910இல் நிர்ணயித்த கூலி மணிக்கு இரண்டரைப் பென்ஸ். வாரம் 54 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 11 ஷில்லிங் 3 பென்ஸ், ஏறத்தாழ இரட்டிப்பு. ஆகஸ்டில் இது நடைமுறைக்கு வர வேண்டும். அப்போதுதான் முதலாளிகளும் தரகர்களும் அச்சடித்த தாள்களோடு உலைக்கூடம் உலைக்கூடமாக வந்தார்கள். சட்டம் சொன்ன அந்தச் சம்மதப் படிவம்தான். ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே போதும் என்று அதில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலர் கையெழுத்துப் போட்டார்கள்; எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் மலிவாகச் சங்கிலியை அடித்துக் குவித்துக்கொண்டு, கூலி ஏறும் நாளில் வேலையை நிறுத்திவிடுவதுதான் திட்டம் என்று கூட்டமைப்பு சந்தேகித்தது.

சங்கத்தின் பதில் எளிமையானது: கையெழுத்துப் போடாதீர்கள், போட்டவர்கள் திரும்பப் பெறுங்கள், இரண்டரைப் பென்ஸ் கொடுக்காதவருக்குக் கம்பியைத் தொடாதீர்கள். முதலாளிகள் கம்பி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆகஸ்டிலேயே கதவடைப்பு தொடங்கியது. உச்சத்தில் சுமார் 800 பெண்கள் வேலையிழந்து வீதியில் நின்றார்கள். களத்தில் மேரியோடு நின்றவர் உள்ளூர்ச் சங்கிலித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் சிட்ச். இது வேலைநிறுத்தமா கதவடைப்பா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இரண்டு பெயராலும் எழுதுகிறார்கள். சட்டம் ஏற்கெனவே தந்துவிட்ட கூலியைக் கேட்டதற்காக வேலை மறுக்கப்பட்டது என்று பார்த்தால் கதவடைப்பு என்பதே பொருத்தம்.

மேரியின் திறமை இங்கே முழுதாக வெளிப்பட்டது. பசித்தால் பெண்கள் திரும்பிவிடுவார்கள் என்பது எதிர்த் தரப்பின் கணக்கு; ஆகவே போராட்டமே நிதி திரட்டுவதில் வந்து நின்றது. சங்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தால் இல்லாதவர்கள் குறைந்த கூலிக்குக் கம்பி வாங்கிவிடுவார்கள் என்பதால், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கூட்டமைப்பு பணம் கொடுத்தது. அன்று இதை ஊதாரித்தனம் என்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம். போராட்டம் உடையாமல் நின்றதற்கு இந்த ஒரு முடிவே பெரிய காரணம். பத்திரிகைகளுக்கு ஓயாமல் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். எழுபத்தொன்பது வயதான பேஷன்ஸ் ரவுண்ட் என்ற சங்கிலித் தொழிலாளி நாடறிந்த முகமானார். வாழ்நாள் முழுக்க உலையடியில் நின்ற அந்தப் பாட்டி ஊதியத்துக்காகத் தெருவில் நிற்கும் படத்துக்கு எதிராக முதலாளிகளிடம் பதில் இல்லை. அப்போதுதான் புதிதாக வந்திருந்த பாத்தே செய்திப்படக் குழு கிராட்லி ஹீத்துக்கு வந்து படமெடுத்தது. நாடெங்கும் திரையரங்குகளில் அது ஓடியது. அது நிதி சேரவும் உதவியது. தேவாலய வாசலில் விழுந்த சில்லறையும் பிரபுக்களின் காசோலையும் சேர்ந்து கிட்டத்தட்ட 4,000 பவுன் ஆனது.

கூட்டமைப்பு ஒரு வெள்ளைப் பட்டியலையும் வைத்திருந்தது. இரண்டரைப் பென்ஸ் தர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட முதலாளி, தரகர் பெயர்கள் அதில் ஏறும். பெயர் ஏறியவருக்கு மட்டுமே வேலை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவர்களை வரிசையாக வந்து கையெழுத்துப் போட வைத்த பட்டியல் அது. 1910 அக்டோபர் 22 அன்று கடைசி முதலாளியும் கையெழுத்திட்டார். பத்து வாரம் ஆகியிருந்தது. மிஞ்சிய நிதியில் ஊருக்குத் தொழிலாளர் மன்றம் ஒன்று கட்டினார்கள். 1912இல் அது திறக்கப்பட்டது. பிற்காலத்தில் சாலை வேலைக்காக இடிபட இருந்த அந்தக் கட்டடத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, டட்லியில் உள்ள கருநாட்டு அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு நடந்தது இதற்கு நேர்மாறானது. 1911 ஆகஸ்டின் கடும் வெயிலில், தென் லண்டனின் பெர்மண்ட்ஸி பகுதியில் ஜாம், பிஸ்கட், ஊறுகாய் ஆலைகளிலிருந்து பெண்கள் தாமாகவே வெளியே வந்தார்கள். அழைப்பு இல்லை, சங்கம் இல்லை, கோரிக்கைப் பட்டியல்கூட இல்லை. இருபதுக்கு மேற்பட்ட ஆலைகள், சுமார் 14,000 பெண்கள். இருப்பதில் நல்ல உடையைப் போட்டுக்கொண்டு பாடியபடி தெருவில் போனார்கள். மேரியும் தோழிகளும் ஓடிப் போய் அலுவலகம் திறந்து, ரொட்டிக்கு ஏற்பாடு செய்து, ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாகக் கோரிக்கை எழுதினார்கள். மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான ஆலைகளில் கூலி உயர்ந்தது. உள்ளூர் சமூக சேவகர் ஏடா சால்ட்டரின் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது.

அந்தச் செப்டம்பரில் மேரி வில் ஆண்டர்சனை மணந்தார். ஆண்டர்சனும் ஸ்காட்லாந்துக்காரர், சுயேச்சைத் தொழிற்கட்சியின் தலைவர், பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர். 1913இல் முதல் குழந்தை பிறப்பிலேயே இறந்தது. 1915இல் ஒரு மகள் பிறந்தாள். பெண் வாக்குரிமையில் மேரியின் நிலை அன்றைய புகழ்பெற்ற இயக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. சொத்துள்ள பெண்ணுக்கு மட்டும் வாக்கு என்றால் சங்கிலி அடிக்கிறவருக்கு என்ன பயன் என்று கேட்டு, வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்ற பக்கம் நின்றார்.

1914இல் போர் வந்ததும் ஆடைத் தொழில் படுத்து, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையிழந்தார்கள். அரசியின் ஆதரவோடு அமைந்த பெண்கள் வேலைவாய்ப்பு மத்தியக் குழுவுக்கு மேரி மெக்ஆர்தர் செயலாளர் ஆனார். குழு திறந்த வேலைக்கூடங்களில் மணிக்கு 3 பென்ஸ், வாரத்துக்கு அதிகபட்சம் 10 ஷில்லிங். அரசியின் பெயரில் நடக்கும் அடிமாட்டுக் கூடங்கள் என்று பெண் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்கர்ஸ்ட் தாக்கினார். அந்தத் தாக்குதலில் நியாயம் இருந்தது. வேலை நேரம் குறைவு என்று வாதிடலாம். ஆனாலும் 11 ஷில்லிங் 3 பென்ஸுக்காக ஊரையே திரட்டியவர், 10 ஷில்லிங்கில் ஒரு குடும்பம் எப்படி ஓடும் என்பதை அறியாதவர் அல்ல. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர் கொடுக்க வேண்டிய விலையை அவரும் கொடுத்தார். பிறகு வெடிமருந்து ஆலைகளுக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் போனபோது, ஆண் செய்த வேலைக்கு ஆணின் கூலி என்ற கோரிக்கையை அமைச்சகங்களில் விடாமல் எழுப்பினார். போர் முடிந்த காலத்தில் கூட்டமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை 80,000 அளவுக்கு வந்திருந்தது.

1918 டிசம்பர் தேர்தலில்தான் பெண்கள் முதன்முதலாகப் போட்டியிட முடிந்தது. 17 பெண்கள் நின்றார்கள். ஸ்டவர்பிரிட்ஜ் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்ற மேரியின் பெயர் வாக்குச்சீட்டில் 'திருமதி டபிள்யூ. சி. ஆண்டர்சன்' என்று அச்சானது. சங்கத்திலும் மேடையிலும் எல்லோரும் அறிந்த பெயரைப் போடத் தேர்தல் அதிகாரி மறுத்துவிட்டார். போரை எதிர்த்தவர் என்ற பழியும் இருந்தது. சுமார் 1,300 வாக்கில் தோற்றார். பெயர் ஒன்றினால் மட்டும் தோற்றார் என்று சொல்ல முடியாது. பெயரைப் பறித்தது அவமதிப்பு என்று சொல்லலாம். 1919 பிப்ரவரியில் ஆண்டர்சன் ஃப்ளூ கொள்ளைநோயில் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் மேரி வாஷிங்டனுக்குப் போய், உழைக்கும் பெண்களின் முதல் சர்வதேச மாநாட்டிலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் கூட்டத்திலும் கலந்துகொண்டார். திரும்பி வந்த சில மாதங்களில் புற்றுநோய் தெரிந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகள் பயன் தரவில்லை. 1921 ஜனவரி 1 அன்று லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் நாற்பது வயதில் காலமானார்.

கூட்டமைப்பின் வாழ்வும் அதே நாளில் முடிந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே சங்கத்தில் என்ற நோக்கத்தோடு, பொதுத் தொழிலாளர் தேசியச் சங்கத்தில் அது இணைந்தது. இணைப்பை மேரியே விரும்பித்தான் செய்தார். ஆனால் பெரிய சங்கத்துக்குள் பெண்களின் தனிக் குரல் சில ஆண்டுகளிலேயே அடங்கிப்போனது. தொழில் வாரியங்கள் 1945இல் கூலிக் கழகங்களாகி, 1993இல் விவசாயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் கலைக்கப்பட்டன. பிரிட்டனில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1999இல்தான் வந்தது. பட்டியலில் உள்ள தொழிலுக்கு மட்டும் அரசு கூலி நிர்ணயிப்பது என்ற அந்த முறை, இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இருந்தது. அதன் முதல் பட்டியலிலேயே பீடி சுற்றும் தொழில் இடம்பெற்றிருந்தது. கிராட்லி ஹீத்தில் 2012இல் மேரிக்குச் சிலை வைத்தார்கள்.

இந்த மடலைப் படிக்கிறவர்களின் கைக்கும் ஒரு நாள் அச்சடித்த தாள் ஒன்று வரலாம். அதில் கையெழுத்துப் போடும் முன், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்து, முழுதும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.